ஒன்பதாவது சாம்பிள்

டர்ட் பைக்கின் இன்ஜின் ஆயிலை லேபுக்கு அனுப்பிச் சோதிப்பது வெட்டி வேலை. வேறு யாரும் சொல்ல வேண்டாம், ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கால்கூர்லியில் இருபத்திரண்டு வருஷமாக ஆயில் சோதித்துக்கொண்டிருக்கும் லைல் டிரெம்பத்தே சொல்வார். மொத்தமே ஒரு லிட்டர் ஆயில் பிடிக்கிற இன்ஜின். ஐந்து மணி நேரம் ஓட்டினால் வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டியதுதான். சோதிக்கிற செலவில் மூன்று தடவை ஆயில் மாற்றிவிடலாம். ரிப்போர்ட் கைக்கு வரும்போது அந்த ஆயில் வண்டியிலேயே இருக்காது. சுரங்கத்து டிப்பர் என்றால் கதை வேறு. அது இருநூறு டன் சுமக்கிற ராட்சசன். அதன் இன்ஜினைத் திறக்காமல் உள்ளே என்ன தேய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆயிலைத்தான் கேட்க வேண்டும். பைக்குக்கு எதற்கு இந்த ஜோசியம்?

இவ்வளவு தெரிந்த மனுஷன்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரே ஒரு பைக் சாம்பிளுக்காகத் தினமும் காலையில் தபால் பைகள் இருக்கும் மேஜைப் பக்கம் போய் நிற்பார்.

மேஜைக்குச் சொந்தக்காரி பெவ் ஹாக்கிங். பைகளைப் பிரித்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண் போடுகிறவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

"வந்துருச்சா?" என்பார் லைல்.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத பெவ்."

"உன் மக பாட்டில் வரல. சுரங்கத்துலேந்து நானூத்திப் பத்து வந்திருக்கு, அதப் போய்ப் பாரு. ஏம்ப்பா, ஒரு போன் பண்ண அரை நிமிஷம் ஆகுமா? நீ என்னடான்னா அவ வண்டி மூத்திரத்தப் பரிசோதன பண்ணிட்டு உக்காந்திருக்க."

"அவ எடுக்க மாட்டா."

"பண்ணிப் பாத்தியா?"

லைல் உள்ளே போய்விடுவார். பண்ணவில்லை, அதுதான் நிஜம். மூன்று வருஷமாகப் பண்ணவில்லை.

நடந்தது இதுதான். லைலின் ஒரே மகள் மெரின். அவளுக்குப் பதினொரு வயதில் அம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேரும் ஒரு பைக்கும்தான். மெரின் வளர வளர பைக்கும் வளர்ந்தது. படித்து சுரங்கத்தில் டீசல் மெக்கானிக்காகச் சேர்ந்தாள். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செம்மண்ணில் பறந்தாள். வருஷாவருஷம் ஜூனில் நடக்கும் பாலைவனப் பந்தயம், நானூறு கிலோமீட்டர், இரண்டு நாள். ஊரில் அதற்கு 'நானூறு' என்றுதான் பெயர். இருபத்து நாலாம் வயதில் மெரின் அதில் பெண்கள் பிரிவில் ஜெயிப்பாள் என்று பந்தயம் கட்டாதவர்கள் குறைவு.

பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பு லைல் அவள் வண்டியிலிருந்து கொஞ்சம் ஆயில் எடுத்துக்கொண்டு போய் லேபில் ஓட்டிப் பார்த்தார். பாசம்தான், வேறென்ன. திரையில் அலுமினியத்துக்கு நேரே சிவப்புக் கட்டம் விழுந்தது. அலுமினியம் என்றால் பிஸ்டன். பிஸ்டன் தேய்கிறது என்றால் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் இறுகும், பின்சக்கரம் நின்றுபோகும், பிள்ளை தூக்கி எறியப்படுவாள். மனுஷன் மகளைக் கேட்கவில்லை. அவள் சுரங்கத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருந்தாள். நேரே வீட்டுக்கு வந்தார், கராஜைத் திறந்தார், இன்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்.

பிஸ்டன் நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

சாயங்காலம் மெரின் வந்தாள். கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கராஜ் வாசலில் நின்றாள். பழைய செய்தித்தாள்களின்மேல் அவள் இன்ஜின் துண்டு துண்டாகக் கிடந்தது.

"என்னப்பா இது?"

"அலுமினியம் அறுபத்தி மூணு, மெரின். சிவப்பு. பிஸ்டன் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் குனிந்து பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"போன வாரம் புது கிளட்ச் பிளேட் போட்டேன். அலுமினியம் பிளேட். இந்த வண்டில இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். புது பிளேட்டு கொஞ்சம் தேயும், ஆயில்ல கலக்கும். டிப்பருக்கு இருக்கற அளவ வச்சு என் வண்டியப் பாத்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

யானைக்கு எடுத்த அளவில் பூனைக்குச் சட்டை தைத்த கதைதான். டிப்பரில் கிளட்ச் ஆயில் இன்ஜினுக்குள் வரவே வராது. இருபது வருஷம் டிப்பர் ஆயிலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தோன்றவில்லை. பிரித்தால் புதிதாக வைக்க வேண்டிய கேஸ்கெட்டுகள் ஊரில் இல்லை. பெர்த்திலிருந்து வர ஒரு வாரம். நானூறு போச்சு.

அந்த நேரத்தில் "தப்பு என்னோடதும்மா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருப்பாள். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் நம் மனுஷனுக்கு வீம்பு. லேபில் அவர் கையெழுத்துக்கு மறுபேச்சு இல்லை என்ற கொழுப்பு வேறு. என்ன சொன்னார் தெரியுமா?

"மிஷின் பொய் சொல்லாது. சந்தேகம்னு வந்துட்டா பிரிச்சுப் பாக்கறதுதான் நல்லது. உசுரோட இருந்தா அடுத்த வருஷம் ஓட்டிக்கலாம்."

மெரின் சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மாதத்தில் மவுண்ட் ஐசாவில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நாட்டின் அந்தக் கோடிக்கு. பிரித்துப் போட்ட இன்ஜினை எடுத்துப் போகவில்லை. லைல் அதைப் பால் பாட்டில் அடுக்கும் கூடை ஒன்றில் அள்ளிப் போட்டு மேஜைக்கடியில் தள்ளினார்.

ஏழு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, பெவ் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"டிரெம்பத்துன்னு பேர் போட்டிருக்கு. உன் சொந்தமா?"

சுரங்கங்களுக்கு இவர்கள் லேபே கொடுக்கிற பாட்டில். லேபிளில் மெரினின் சாய்ந்த கையெழுத்து. வண்டி: நானூற்றைம்பது சிசி. இன்ஜின் ஓடியது: பதினெட்டு மணி. ஆயில் ஓடியது: ஐந்து மணி. குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே வரி: நடு ஓட்டத்தில் எடுத்தது.

ஆயிலை வடிக்கும்போது முதலில் கொட்டுவதிலும் கடைசியில் சொட்டுவதிலும் அடிமண்டி இருக்கும், நடுவில் ஓடுவதைத்தான் பிடிக்க வேண்டும். அவளுக்கு எட்டு வயதில் அவர் சொன்னது. லைல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அந்த வழியில்தான். இதைப் பேச்சு என்று சொன்னால் ஊர் சிரிக்கும். இரண்டாவது பாட்டிலில் சிலிக்கான் கூடியிருந்தது. சிலிக்கான் என்றால் மண்ணுதான், தூசி உள்ளே போகிறது. ரிப்போர்ட்டின் கடைசியில் ஆய்வாளர் எழுதும் கட்டத்தில் லைல் "ஏர் ஃபில்டரைக் கவனிக்கவும்" என்று தட்டி அனுப்பினார். மூன்றாவது பாட்டிலில் சிலிக்கான் பாதியாக இறங்கியிருந்தது. "சொன்னதக் கேட்டிருக்கா!" என்று மனுஷன் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று சொன்னார். டிப்பர் ஆயில் பார்க்கும் நாலு பேரும் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

இன்னொரு தடவை ஐந்து மாதம் பாட்டில் வரவில்லை. லைலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வந்தபோது இன்ஜின் மணி நாலே நாலுதான் கூடியிருந்தது. ஐந்து மாதத்தில் நாலு மணி என்றால் விழுந்திருக்கிறாள், எங்கேயோ எலும்பு முறிந்திருக்கிறது. பெவ் பேஸ்புக்கில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: தோள்பட்டை எலும்பு, கட்டுப் போட்ட படம் இருக்கிறது, சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"இன்னும் எத்தன நாளைக்குய்யா இப்பிடி?" என்றாள் பெவ். "அந்தக் கட்டத்துல ஃபில்டர் கில்டர்னு எழுதறதுக்குப் பதிலா எழுத வேண்டியத எழுதித் தொலையேன். எரநூறு எழுத்துக்கு எடமிருக்கு."

"அது கம்பெனி ரிப்போர்ட்டு பெவ்."

"கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ எழுது."

எழுதுவார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் எழுதுவார். எழுதிவிட்டு அழித்துவிட்டு, "இயல்பான தேய்மானம்" என்றோ ஃபில்டர் என்றோ போட்டு அனுப்புவார். ஏழு தடவை அப்படியே ஆயிற்று. எட்டாவது பாட்டில் வந்த அன்று அவருக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது. பெவ் ஒரு கேக் வாங்கி வந்திருந்தாள். கேக் ஒட்டிய விரலை மேல்கோட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், யோசிப்பதற்குள் தட்டி முடித்தார்:

"இயந்திரம் நலம். அன்று கூடியிருந்த அலுமினியம் கிளட்சுடையது. கேட்காமல் பிரித்தது என் தவறு. அப்பா."

அனுப்பிவிட்டார்.

பதில் வரவில்லை. மின்னஞ்சல் இல்லை, போன் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்றாவது மாதமும் பாதி போயிற்று. வழக்கமாக வரும் பாட்டிலும் வரவில்லை.

"ரொம்ப லேட்டாச் சொல்லிட்டேன் போல," என்றார் லைல் ஒருநாள்.

"நீ மூணு வருஷம் எடுத்துக்கிட்ட. அவளுக்கு மூணு மாசம் குடுக்க மாட்டியா?" என்றாள் பெவ். "உன் ரத்தம்தான, வீம்பு இருக்காதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. லைல் முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. தொப்பியைக் கழற்றிய போலீஸ்காரர் எதற்கு வருவார் என்று சுரங்க ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மவுண்ட் ஐசாவுக்கு வடக்கே, சனிக்கிழமை பந்தயத்தில், முன்னே போன வண்டி கிளப்பிய தூசிக்குள் மெரின் நுழைந்திருக்கிறாள். மழைத்தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று அந்தத் தூசிக்குள் இருந்திருக்கிறது. ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வாணலியில் முட்டை கருகிப் புகைந்தது. போலீஸ்காரர்களில் இளையவன் உள்ளே போய் அடுப்பை அணைத்தான்.

மவுண்ட் ஐசாவிலேயே நடந்த அடக்கத்துக்கு அவளோடு ஓட்டுகிறவர்கள் அறுபது எழுபது பேர் வண்டியோடு வந்திருந்தார்கள். குழியில் இறக்கியதும் எல்லாரும் ஒன்றாகக் கிளப்பி, ஒரு நிமிஷம் முழுக்க முறுக்கி, ஒன்றாக அணைத்தார்கள். அந்தச் சத்தத்திலும் எவனோ ஒருவன் வண்டியில் வால்வு தட்டுகிறது என்று லைலின் காது கண்டுபிடித்தது. பெற்ற மகளைப் புதைக்கும்போதும் இந்தப் பாழாய்ப்போன காது வேலை செய்கிறதே என்று தன்னையே வெறுத்தார்.

அவளுடைய தோழிகள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டாவது ரிப்போர்ட்டை அவள் படித்தாளா, படித்து என்ன சொன்னாள் என்று அவர்களிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "எரிச்சல்ல கிழிச்சுப் போட்டா" என்று யாராவது சொல்லிவிட்டால்? தெரியாமலே இருந்துவிடுவது மேல் என்று விமானம் ஏறினார்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். வீட்டில் உட்கார முடியவில்லை. பெவ் அவரைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பிறகு தன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். திறந்தவள் மறுபடி மூடினாள்.

"என்ன?" என்றார்.

"லைல், உக்காரு மொதல்ல."

"என்ன பெவ்?"

"நீ அங்க போயிருந்தப்ப வந்துச்சு. நான் எண் போடல. யாருகிட்டயும் குடுக்கல." இழுப்பறையை மறுபடி திறந்தாள். "வெள்ளிக்கிழம தபால்ல போட்டிருக்கா. பந்தயத்துக்கு மொத நாள்."

பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். கறுத்த ஆயில், கழுத்துவரை. சாய்ந்த கையெழுத்து. இன்ஜின் ஓடியது: நூற்றுப் பன்னிரண்டு மணி. ஆயில் ஓடியது: நாலரை மணி. குறிப்புக் கட்டத்தில் வழக்கமான ஒரு வரி இல்லை. இடம் போதாமல் பொடிப்பொடியாக எழுதி, லேபிள் ஓரத்தில் ஏறி, பாட்டிலைச் சுற்றிப் போயிருந்தாள்.

லைல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"நடு ஓட்டத்தில் எடுத்தது. புது கிளட்ச் போட்டிருக்கேன். அலுமினியம் கூடத்தான் இருக்கும். எதையும் பிரிச்சுத் தொலைக்காத அப்பா. ஜூன்ல நானூறுக்கு வர்றேன். கராஜைக் கூட்டி வை."

ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். மூன்று வருஷமாக மகள் வாயிலிருந்து வராத 'அப்பா', ஆயில் கறை பட்ட ஒரு லேபிளில் இருந்தது. மனுஷன் சிரித்துவிட்டார். "தொலைக்காதன்னு எழுதியிருக்கா பாரு, கொழுப்பு!" என்றார். சிரிப்பு அப்படியே கோணி வேறு ஏதோ ஆயிற்று. பெவ்வின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் எவன் பார்த்தால் என்ன என்று, வாய்விட்டு அழுதார். "மன்னிச்சிட்டா பெவ். மன்னிச்சிட்டாடி. எங்கிட்ட வர்றேன்னு சொல்லியிருக்கா." பெவ்வும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வேணாம் லைல். நீ செய்யாத. வேணும்னா அப்பிடியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"சோதிக்கச் சொல்லி அனுப்பியிருக்கா. நடு ஓட்டத்துல எடுத்திருக்கா. சும்மா வைக்க முடியுமா?" என்றார். "எண்ணப் போடு."

பெவ் எண் போட்டாள்.

எல்லா சாம்பிளுக்கும் செய்வதைத்தான் இதற்கும் செய்தார். பாட்டிலை நன்றாகக் குலுக்கினார். கரைப்பான் ஊற்றிக் கலக்கினார். மெல்லிய குழாய் ஆயிலை உறிஞ்சிச் சுடருக்குள் கொண்டு போயிற்று. திரையில் எண்கள் வந்தன. இரும்பு ஒன்பது. சிலிக்கான் நாலு, இதுவரை வந்ததிலேயே குறைவு. ஃபில்டரை அத்தனை சுத்தமாக வைத்திருந்திருக்கிறாள். அலுமினியம் ஐம்பத்தெட்டு. டிப்பருக்குப் போட்ட எல்லைக்கோட்டை மெஷின் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. சிவப்புக் கட்டம் விழுந்தது.

அந்த இன்ஜின் இன்னும் நூறு மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு குறையும் இல்லை. ஒரு பள்ளம் வரும் என்று எந்த ஆயில் சொல்லும்? சொல்லாது. பெவ் வாரம் தவறாமல் சொன்னதுபோல இது வெட்டி வேலைதான். அப்படியிருந்தும் அவளிடமிருந்து ஒன்பது தடவை ஒரு சொல் வந்து சேர்ந்தது இந்த வெட்டி வேலையில்தான். வேறு வழியே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று மார்பில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

சிவப்பு விழுந்தால் ஆய்வாளர் குறிப்பு எழுதாமல் ரிப்போர்ட் நகராது. லைல் தட்டினார்:

"அலுமினியம் கிளட்சுடையது. இயந்திரம் மிக நன்றாக இருக்கிறது. எதையும் பிரிக்கவில்லை. அப்பா."

அதற்குக் கீழே, எல்லா ரிப்போர்ட்டுக்கும் போடுவதுபோல, மெஷின் தானாகவே ஒரு வரி சேர்த்தது: அடுத்த சாம்பிளை உரிய நேரத்தில் அனுப்பவும். அதை அழிக்க லேபில் யாருக்கும் அதிகாரம் இல்லை. லைல் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். ரிப்போர்ட் மெரினின் முகவரிக்குப் போயிற்று.

மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெவ் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றார். கராஜ் கதவைத் தூக்கினார். மூன்று வருஷத்துச் செம்மண் தரையில் ஒரு விரல் தடிப்புக்குக் கிடந்தது. சுவர் ஓரம் கிடந்த பழைய டயர்களை வெளியே தூக்கிப் போட்டார், காலி டின்களைக் கட்டி வைத்தார், விளக்குமாற்றை எடுத்து உள் மூலையிலிருந்து வாசல்வரை கூட்டினார். ஒரு வண்டி நிற்கவும், பக்கத்தில் ஒரு ஆள் மண்டியிட்டு வேலை பார்க்கவும் போதுமான இடம் வந்துவிட்டது.

மேஜைக்கடியில் அந்தப் பால் கூடை இருந்தது. இழுத்தார். பிஸ்டன் மேலாகவே கிடந்தது, தூசி படிந்து. சட்டை நுனியால் துடைத்தார். இன்னும் புதுசுபோல்தான் இருந்தது. லைல் சுத்தமான தரையில் உட்கார்ந்து, இன்ஜினின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, கோக்க வேண்டிய வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். ஜூனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.